கண்டி வீதியில் ஒரு வாடகைக் கார்

நாம் காரை ஓட்டுகிறோம். யாழ்ப்பாணத்தார் காரை ஓடுகிறார்கள். “நீங்கள் கார் ஓடுவியளோ?” என்று அங்கே ஒருவர் கேட்டால், காருக்கு முன்னாலோ பின்னாலோ ஓடுவீர்களா என்பது பொருளன்று, வாகனம் செலுத்தத் தெரியுமா என்பதே கேள்வி. தன்வினை, பிறவினை வேறுபாட்டைப் பிரம்படியோடு கற்ற தலைமுறைக்கு இது முதலில் பிழையாகத்தான் ஒலிக்கும். எனக்கும் அப்படித்தான் ஒலித்தது. கேட்டுப் பழகிய பிறகு, நம்முடைய ‘ஓட்டு’தலில் ஓர் அதட்டல் இருப்பதாகத் தோன்றத் தொடங்கியது. மாட்டை ஓட்டுகிறோம், ஆட்டை ஓட்டுகிறோம், வடாம் உலரும் மாடியில் காக்கையை ஓட்டுகிறோம்; அந்த வரிசையில் காரையும் ஓட்டுகிறோம். ‘ஓடு’கிறவனோ வண்டியோடு தானும் சேர்ந்து ஓடுகிறான். மொழியியல் அறிந்த நண்பர்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கக்கூடும், சொன்னால் கற்றுக்கொள்வேன்.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது இலங்கையில் அல்ல, மண்ணூர்பேட்டையில்.

மண்ணூர்பேட்டையை அறியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பாடியிலிருந்து அம்பத்தூர் நோக்கிச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில், தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. அந்தச் சாலையைப் பழையவர்கள் இன்னும் எம்.டி.எச். ரோடு என்றுதான் சொல்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆகிய தொழிற்சாலைகள் அடுத்தடுத்து வந்தன. ஒரு வண்டியைக் கிளப்பும் மோட்டார், அது உருளும் சக்கரம், அதை நிறுத்தும் பிரேக் மூன்றும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உருவாயின. எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது வேறு செய்தி, அதுவும் டாக்சி. கார்களின் உறுப்புகளைச் செய்தவர்கள் மிதிவண்டியிலும் பேருந்திலும் வேலைக்குப் போனார்கள். என் தந்தையும் அவர்களில் ஒருவர்.

அந்தத் தெருவுக்கு 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்தவர்கள். மண்டபத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு, உறவினர் ஒருவரைப் பற்றிக்கொண்டு சென்னைக்கு வந்து, முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்ந்தார்கள். குடும்பத் தலைவரை அவர் மனைவியின் தம்பி “அண்ணை” என்று அழைப்பார். அதைக் கேட்டுத் தெருவே அவரை அண்ணை என்று அழைத்தது. என் அம்மாவுக்கு அவர் அண்ணை, எனக்கும் அண்ணை. பிறகு என் மகனுக்குக்கூட ‘அண்ணை தாத்தா’. தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பகலில் சாமான் கணக்கும் இரவில் காவலுமாக இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார்.

அண்ணை லாரி ஓட்டுநர். அவர் மொழியில் சொன்னால் லொறி ஓடினவர். 1974 முதல் 1990 வரை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே பெட்ஃபோர்ட் லாரியில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கொண்டுபோனவர். அதை அவராகச் சொல்லவில்லை. 2003-இல் நான் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். கையில் உரிமம் இருந்தது. ஆனால் ஓட்டத் தெரியாது. பயிற்சிப் பள்ளியில் உரிமம் வாங்கித் தந்தார்களே தவிர ஓட்டக் கற்றுத் தரவில்லை. (இது தமிழகத்தில் ஒரு தனி மனிதனின் சோகம் அன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.) தெருமுனையில் வண்டி மூன்று முறை அணைந்து நின்றபோது, தேநீர்க் கடையில் நின்றிருந்தவர் வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். “கிளச்சை விடேக்கை கோவத்திலை விடாதையுங்கோ தம்பி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டையின் உட்சாலைகள் ஆளின்றிக் கிடக்கும். அங்கேதான் எனக்குப் பாடம். நான்கு மாதங்கள், ஏறக்குறைய எல்லா ஞாயிறும். ஒரு நாளும் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. “ஒரு தடவை நீங்கள் ஓட்டிக் காட்டுங்களேன், பார்த்துப் புரிந்துகொள்கிறேன்” என்று கேட்டால், “என்னட்டை இந்த நாட்டு லைசென்ஸ் இல்லை” என்பார். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத தெரு, இருநூறு அடி தூரம். யார் கேட்கப் போகிறார்கள்? “ஒருத்தரும் கேக்க மாட்டினம். கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது?” அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது. எடுத்துத் தந்த உரிமத்தைக் கொண்டு நான் ஓட்டக் கற்றேன். ஓட்டத் தெரிந்தவர் உரிமமின்றி இடப்பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

2016-இல், மனைவி இறந்த பிறகு, அவர் இலங்கைக்குத் திரும்பினார். ஐ.நா. அகதிகள் அமைப்பு விரும்பித் திரும்புவோருக்கு விமானப் பயணச்சீட்டு தந்துவந்தது, அப்படிப் போனவர். தென்மராட்சியில் கொடிகாமத்துக்கு அருகே அவருடைய தங்கையின் வீடு. 2021-இல் அங்கேயே காலமானார். நான் சொல்ல வந்தது 2018 பிப்ரவரியில் நடந்த ஒரு பயணத்தைப் பற்றி.

*

வேலை நிமித்தம் கொழும்பு சென்றிருந்தேன். நான்கு நாட்களில் வேலை முடிந்தது. மேலும் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அடையாள அட்டை தொடர்பான ஏதோ ஒரு காகிதத்துக்காக அண்ணையும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இருந்தார். நான் கார் எடுத்து அவரைக் கொடிகாமத்தில் விட்டுவருவதாகச் சொன்னேன். தொலைபேசியில் நீண்ட மௌனம். பிறகு, “நீங்கள் ஓடுவியளோ, ஆளை வைச்சோ?” என்றார்.

கேள்வி நியாயமானது. வாடகைக் கார் என்றால் நம் ஊரிலும் சரி, இலங்கையிலும் சரி, ஓட்டுநரோடு வருவதுதான். தானே ஓட்டிக்கொள்ள ஒரு காரை அந்நியனிடம் கொடுத்தனுப்புவது நமக்கெல்லாம் புதிய வழக்கம். ஆனால் நான் சென்னையிலிருந்தே ஆயத்தமாக வந்திருந்தேன். அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பணம் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தேன். சாலைப் போக்குவரத்து பற்றிய 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையிலிருந்து பிறந்த சிறு புத்தகம் அது, ஆயுள் ஓராண்டு. இலங்கையில் அது மட்டும் போதாது. காலிமுகத்திடலுக்கு அருகே இருக்கும் மோட்டார் வாகனச் சங்கத்தில் அதைக் காட்டி ஓர் ஒப்புதல் பெறவேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. நாடு 1972-இல் தன் பெயரை ஸ்ரீலங்கா என்று மாற்றிக்கொண்டது. அந்தச் சங்கம் மட்டும் இன்னும் ‘ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன்’தான். அரை மணியில் வேலை முடிந்தது. புகைப்படம் ஒட்டிய தாளோடு வெளியே வந்தபோது, மண்ணூர்பேட்டையின் உட்தெருக்களில் இருபத்தாறு ஆண்டுகள் ஒருவருக்குக் கிடைக்காதது எனக்கு அவர் நாட்டில் அரை மணியில் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கார் ஜப்பானில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி வந்தது. இலங்கைச் சாலைகளில் இத்தகையவை ஏராளம். ‘ரீகண்டிஷன்’ வாகனம் என்பார்கள். சாவியைத் திருகியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொன்னது. சுங்க அட்டையைச் செருகவில்லை என்று அது நினைவூட்டுகிறதாம். ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் செலுத்தும் அட்டை. அந்த அட்டை இனி என்றும் வரப்போவதில்லை என்பது தெரியாமல், மூன்று நாளும் ஒவ்வொரு முறையும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மற்றபடி அயல்நாட்டில் ஓட்டுகிறோம் என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகும் நம்மவர்கள் முதல் வாரம் சாலையின் வலப்பக்கத்தில் படும் பாட்டைப் பலர் எழுதியிருக்கிறார்கள். திருப்பத்தில் தன்னிச்சையாக இடப்பக்கம் நுழைந்து எதிரே வரும் வண்டியைப் பார்த்து உறைவதை எல்லாம். இலங்கையில் அந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போலவே இடப்பக்கம். மாருதியில் பழகிய கைக்கு இண்டிகேட்டர்கூட அதே வலப்பக்கம். எதிரே வருவது அசோக் லேலண்ட் பேருந்து. 1982 முதல் அங்கேயே ஒரு கூட்டு நிறுவனம் வைத்துக் கட்டுகிறார்கள். பக்கத்தில் நெருக்குவது பஜாஜ் முச்சக்கர வண்டி. பெட்ரோல் போட நிறுத்தினால் அங்கும் இந்தியன் ஆயிலின் பெயர்ப்பலகை. முன்னே செல்லும் பேருந்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் பாடி மேம்பாலத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

அயல்நாடு வேறு இடங்களில் இருந்தது. முதல் இடம் பாதசாரிக் கடவை. நீர்கொழும்புக்கு அருகே பள்ளிச் சிறுமி ஒருத்தி கோட்டின் மீது காலை வைத்ததும் இருபுறமும் வாகனங்கள் நின்றன. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நிற்பார்கள் என்று தெரியும். எம்.டி.எச். சாலையை எஸ்டேட் நிறுத்தத்தில் கடக்கும் பெண்கள் கையை நீட்டி, வண்டிகளைக் கெஞ்சியும் மிரட்டியும் கடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த அலட்சியம் பொறாமையை உண்டாக்கியது. இரண்டாவது வேகம். ஊருக்குள் ஐம்பது, வெளியே எழுபது கிலோமீட்டர். மீறினால் காவலர் மரநிழலிலிருந்து வெளிப்படுவார். அபராதச் சீட்டைத் தந்து உரிமத்தை வாங்கிக்கொள்வார். தபாலகத்தில் பணம் கட்டி, ரசீதைக் காட்டித்தான் அப்போது அதைத் திரும்பப் பெறவேண்டியிருந்தது. “எழுபதுக்கு மேலை போகாதையுங்கோ. உங்கட காயிதம் இஞ்சை மாட்டினால் நீங்கள் பிளேனைப் பிடிக்க ஏலாது” என்றார் அண்ணை. காகிதம் பற்றிய எச்சரிக்கைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை.

*

அவர் இலங்கைக்குத் திரும்பி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. கொழும்புக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஐந்தாறு முறை போய் வந்துமிருந்தார். ஆனால் எல்லாம் இரவுப் பேருந்தில். வெள்ளவத்தையில் மாலையில் ஏறினால் விடியலில் யாழ்ப்பாணம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். திரை மூடிய சன்னல், குளிர்சாதனம், தமிழ்ப்படம். பதினாறு ஆண்டுகள் ஓடிய வீதியை அவர் 1990-க்குப் பிறகு பகலில் பார்த்ததே இல்லை. இது எனக்குத் தெரிந்தது காலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் அவர் முன்னிருக்கையில் ஏறி, கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் உட்பக்கம் துடைத்தபோதுதான்.

சிலாபம் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய வலக்கால் இயங்கிக்கொண்டிருந்தது. முன்னே வண்டி மெதுவானால் நான் பிரேக்கை மிதிப்பதற்கு ஓர் இமைப்பொழுது முன்பாக அவர் கால் மிதியடியை அழுத்தும். திருப்பங்களில் இடக்காலும் சேரும்; கிளச். தொழிற்பேட்டை ஞாயிறுகளிலும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று என் கண் சாலையை விட்டு நகர்ந்ததில்லை.

புத்தளத்தில் ஒரு டயர்க் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். அண்ணையின் முதலாளி யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்த முஸ்லிம், லாரி அவருடையது. 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டே மணி நேரம் கொடுத்ததாகச் சொல்வார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கையில் கொண்டதோடு தெற்கே நடந்தும் வண்டி பிடித்தும் வந்து சேர்ந்த இடங்களில் முதன்மையானது புத்தளம். அவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கடை முதலாளியின் மகனுடையது. அப்பா போய்ப் பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்றார்.

இருவரும் பேசியது பெரும்பாலும் லாரியைப் பற்றி. எண் என்ன, எந்த ஆண்டு எஞ்சின் இறக்கினார்கள், பின் அச்சு மாற்றியது எங்கே. படகேறுவதற்கு முதல் நாள் சாவியை முதலாளியிடம் அண்ணையே கொண்டுபோய்க் கொடுத்தாராம். இரண்டே மாதத்தில் முதலாளி அதே சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. “திரும்பி வந்து எடுக்கலாம் எண்டுதான் வாப்பா பூட்டுச் சாவியெல்லாம் கொண்டுவந்தவர்” என்றார் மகன். வீட்டுச் சாவி இன்னும் இருக்கிறதாம். ஈழத்தைப் பற்றிச் சென்னை மேடைகளில் நாம் பேசியவற்றில் இந்தச் சாவி எத்தனை முறை வந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணை தேநீரைக் குடித்து முடித்து, கடையில் அடுக்கியிருந்த டயர்களில் ஒன்றை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். மகன் என் காரின் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பார்த்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

அனுராதபுரத்தைத் தாண்டி ரம்பாவையில் ஏ-9 வீதியைத் தொட்டோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தவர்க்கு அது வெறும் கண்டி வீதி. மதவாச்சிக்கு அப்பால் காவலர் ஒருவர் கைகாட்டினார். வேகம் அல்ல, வழக்கமான சோதனை. என் புத்தகத்தையும் ஒப்புதல் தாளையும் கொடுத்தேன். அவர் சிங்களத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் விழித்தேன். அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், “மாத்தயா” என்று தொடங்கிச் சரளமான சிங்களத்தில் பேசியது. நான் அதுவரை கேட்டிராத குரல். மண்ணூர்பேட்டையில் அண்ணை பேசும்போது எப்போதும் சொற்களுக்கு முன்னால் சிறு தயக்கம் இருக்கும். தன் பேச்சு பிறர்க்குப் புரியுமா, சிரிப்பார்களா என்ற தயக்கம். இந்தக் குரலில் அது இல்லை. காவலர் சிரித்தார், ஏதோ கேட்டார், அண்ணையும் சிரித்தார். தாள்கள் திரும்பி வந்தன.

“என்ன சொன்னீர்கள்?”

“இவர் இந்தியாக்காரர், நான் இந்த றோட்டுக்காரன் எண்டன்.”

அந்தச் சிங்களம் லாரிச் சிங்களம். தேநீர்க் கடைகளிலும் சந்தைகளிலும் பழுது பார்க்கும் இடங்களிலும் கற்றது. அவருடைய பத்தாவது வயதில் அதே மொழியின் ஓர் எழுத்துக்காக நாடு பற்றி எரிந்தது. 1957-இல் வாகன எண்பலகைகளில் சிங்கள ‘ஸ்ரீ’யைக் கட்டாயமாக்கினார்கள். தமிழரசுக் கட்சியினர் அதை எதிர்த்து இயக்கம் நடத்தித் தமிழ் எழுத்தைப் பொறித்துக்கொண்டு ஓடினார்கள். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. அடுத்த ஆண்டு கலவரம் மூண்டது. ஒரு வண்டி எந்த மொழியின் எழுத்தைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அது. எங்கள் காரின் பலகையில் இருந்ததோ மேல் மாகாணத்தைச் சுட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகள். 2000-ஆம் ஆண்டு முதல் அன்றுவரை அப்படித்தான். சண்டைக்குக் காரணமாயிருந்த எழுத்து போய்விட்டது. சண்டை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். பெயர்ப்பலகைகளில் முதலில் சிங்களம், அடுத்துத் தமிழ், கடைசியில் ஆங்கிலம். எனக்குச் செய்தித்தாளில் மட்டுமே தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மைல்கற்களாகிக் கடந்தன. வீதி வழவழப்பாக, நேராக, ஆளரவமற்றுக் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு, இடையிடையே இராணுவ முகாம்களின் முகப்புகள். தானாகவே எண்பதைத் தொடத் துடிக்கும் சாலை அது. இந்த வீதி போரின்போது ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2002-இன் போர்நிறுத்தத்தில் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009-க்குப் பிறகே படிப்படியாகப் பொதுமக்களுக்கு வந்தது. அண்ணை பேசவில்லை. கால்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. சில இடங்களில் சாலை நேராக இருக்கும்போதும் அவர் பிரேக்கை அழுத்தினார். அங்கே முன்பு வளைவு இருந்ததாம். புதிதாகப் போட்டபோது நிமிர்த்திவிட்டார்கள்.

முறிகண்டியில் நிறுத்தியே ஆகவேண்டும். வீதியோரப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்தப் பக்கம் எந்த வண்டியும் போவதில்லை. சிங்கள ஓட்டுநர்களும் இறங்கிக் கும்பிடுவதைப் பார்த்தேன். நம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் முன்னால் புதுவண்டிகள் எலுமிச்சை நசுக்கக் காத்துநிற்பது நினைவுக்கு வந்தது. அண்ணை ஒரு தேங்காயை வாங்கி ஓங்கி உடைத்தார். பிறகு கச்சான் வாங்கினார். வறுத்த நிலக்கடலைக்கு அங்கே அந்தப் பெயர். முறிகண்டிக் கச்சான் புகழ்பெற்றது. “லொறியிலை நித்திரை வந்தால் இதுதான் மருந்து. கச்சான் சப்பிற வாய் நித்திரை கொள்ளாது” என்றார். மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, உரித்து உரித்து என் கையில் தந்துகொண்டே வந்தார்.

கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கியைப் பார்த்துவிட்டுப் போனோம். ஆனையிறவு வந்தது. இருபுறமும் ஏரிநீர், நடுவே வீதி, கண்ணைக் கூசவைக்கும் வெளி. 1991-இல், இரும்புத் தகடு போர்த்தி முகாமை நோக்கிப் புலிகள் ஓட்டிவந்த புல்டோசர் ஒன்றை அரசு நினைவுச்சின்னமாக நிறுத்திவைத்திருக்கிறது. 2000 ஏப்ரலில் புலிகள் கைப்பற்றி, 2009 சனவரியில் இராணுவம் மீண்டும் பிடித்த இடம். பேருந்துகளில் வந்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் கால் முழு வலிமையோடு மிதியடியை அழுத்தியது. நான் நிறுத்தினேன்.

“நிப்பாட்ட வேண்டாம் தம்பி. அந்த நாளையிலை இஞ்சை எல்லா லொறியும் நிக்க வேணும். சாமான் முழுக்க இறக்கிக் காட்டித் திரும்ப ஏத்த வேணும். ஒரு லோட் வெங்காயம். அதுதான் கால் போட்டுது.”

பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார். முகமாலையில் பாதையோரம் சிவப்புப் பலகைகள், மண்டையோட்டுப் படம், மும்மொழியில் மிதிவெடி எச்சரிக்கை. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே முட்டி போட்டு நிலத்தைத் துருவிக்கொண்டிருந்தார்கள். சாலையின் தார் விளிம்பை விட்டுச் சக்கரம் இறங்காமல் ஓட்டவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

கொடிகாமத்தில் கண்டி வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினோம். மணல் பாதை, இருபுறமும் பனையோலை வேலி, மாமரங்கள். கார் மட்டுமே போகும் அகலம். வீட்டுக்கு முன்னால் திருப்ப இடமில்லை. அண்ணை கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் போய் நின்று, காரின் உடலில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, “வரட்டும், வரட்டும், வலப்பக்கம் ஒடியுங்கோ, ஆ, வரட்டும், நில்!” என்று என்னைப் பின்னோக்கி அழைத்துச் சென்றார். லாரித் துணையாளின் தட்டல் அது. மண்ணூர்பேட்டையில் தொழிற்சாலை வாயில்களில் நாள் முழுதும் கேட்ட ஓசை. வேலியிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினார்.

மறுநாள் காலை கோயிலடியில் பெரிய வெளி ஒன்று இருப்பதைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள்கூட இல்லாத நேரம். அவர் நாடு, அவர் ஊர், அவர் கோயில். நான் சாவியை நீட்டினேன். “ஒரு சுற்று ஓடுங்கள் அண்ணை” என்றேன். அவருடைய வினைச்சொல்லிலேயே சொன்னேன். திரும்பி வந்தபின் அவர் இலங்கை உரிமத்தைப் புதுப்பித்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததை முதல் நாள் இரவுதான் எடுத்துக் காட்டியிருந்தார்.

சாவியை வாங்கினார். அதன் எடையைப் பார்ப்பதுபோல் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கேட்டார்:

“வாடகைப் பத்திரத்திலை ஆற்றை பேர் கிடக்கு?”

என் பெயர்தான். வேறு யாரும் ஓட்டக்கூடாது, ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒரு வரியும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அதை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

“அப்ப நீங்கள்தான் ஓடவேணும்” என்று சாவியைத் திருப்பித் தந்தார். வருத்தமோ கசப்போ முகத்தில் இல்லை. நான் மேலும் வற்புறுத்தவில்லை. சட்டத்தை மதிக்கும் குணம் என்று அதைச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காகிதத்தில் தன் பெயர் இல்லாத இடத்தில் எதையும் தொடாமல் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த கை அது. சொந்த ஊருக்கு வந்ததும் மறந்துவிடுமா? அவர் வெளியின் நடுவே நின்றுகொள்ள, நான் இரண்டு சுற்று ஓட்டினேன். கிளச்சை விடும் விதம் பரவாயில்லை என்றார்.

அன்று பிற்பகல் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் வந்தோம். அடுத்த நாள் விடியற்காலை ஆறு மணிக்கு நான் தனியாகக் கிளம்பினேன். தங்கை பிட்டும் மாம்பழமும் கட்டித் தந்தார். அண்ணை எண்ணெய், தண்ணீர், டயர் எல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஜப்பானியப் பெண் தன் அட்டையைக் கேட்டாள். பக்கத்து இருக்கையில் ஆளில்லாமல் அந்த வீதி இன்னும் நீளமாக இருந்தது. முறிகண்டியில் நிறுத்திக் கச்சான் வாங்கிக்கொண்டேன். உரிக்க ஆளில்லாததால் பொட்டலம் பிரிக்கப்படாமலே வந்தது.

பத்தரை மணியளவில் நொச்சியாகமையில் ஒரு கடையோரம் செவ்விளநீர் குடிக்க நிறுத்தியபோது தொலைபேசி ஒலித்தது. அண்ணை.

“தம்பி, இப்ப மதவாச்சி கிட்ட வந்திருப்பியள்.”

மதவாச்சியைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது, அனுராதபுரமும் போய்விட்டது. அவர் கணக்குப் போட்டது வெங்காயம் ஏற்றிய பெட்ஃபோர்ட்டுக்கு.

“ஆமாம் அண்ணை, வந்துகொண்டிருக்கிறேன்” என்றேன்.

“சந்தியிலை இடக்கைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை கிடக்கும். அதிலை நிப்பாட்டி ஒரு பிளேன் ரீ குடியுங்கோ. அங்காலை புத்தளம் மட்டும் நல்ல கடை இல்லை.”

கடைக்காரர் இளநீரின் தலையைச் சீவி நீட்டினார். “சரி அண்ணை, நிறுத்துகிறேன்” என்றேன். “அவசரமில்லை, ஆறுதலா ஓடுங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.